ஸ்மார்ட் போர்டு ஒப்பந்தம் முடிந்ததும் என் ஐந்து வருஷப் பாடங்கள் எங்கே போயின?

எங்கள் பள்ளியில் ஸ்மார்ட் போர்டுக்கான (வகுப்பில் மாட்டியிருக்கும் பெரிய தொடுதிரை) ஒப்பந்தம் 2024 மார்ச்சோடு முடிந்துவிட்டது. ஆசிரியர்கள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. ஜூனில் பள்ளி திறந்து போர்டைப் போட்டால், 2019-லிருந்து நான் சேர்த்து வைத்த பாடங்கள் வரவேண்டிய இடத்தில் பாஸ்வேர்டு கேட்கிற ஒரு கட்டம் நின்றது. போட்டேன். ‘உங்கள் நிறுவனத்தின் சந்தா காலாவதியாகிவிட்டது’ என்று வந்தது. அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன். தனியார் பள்ளிகளில் இப்படி ஒப்பந்தப் போர்டை நம்பிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எனக்கு யாராவது ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் முழுப் பரீட்சைக்கு முன்பே ஏதாவது வழி பண்ணியிருப்பேன்.

நான் வட சென்னையில் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகள் காசிமேடு, கொருக்குப்பேட்டை, புது வண்ணாரப்பேட்டையிலிருந்து வருகிறார்கள். அப்பா விசைப்படகில் போகிறவராகவோ துறைமுகத்துக்கு கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவராகவோ இருப்பார். அம்மா மீன் விற்பார், இல்லாவிட்டால் தையல் கம்பெனிக்குப் போவார். இவர்களிடம் ஸ்மார்ட் கிளாஸ் கட்டணம் என்று ஆண்டுக்கு 1,200 ரூபாய் தனியாக வாங்கினார்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிகிற ஜூன் மாதத்தில்தான் அந்தக் கட்டணமும் வரும். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை விசைப்படகு கடலுக்குப் போகாது. கையில் காசில்லாத நேரத்தில் கட்டிய பணம் அது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு கேட்டருகே என்னை நிறுத்திக் கேள்வி கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

2019-இல் போர்டு வந்தபோது கம்பெனியே நிறைய வீடியோக்களைப் போட்டுக் கொடுத்தது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஆவியாதலுக்குப் பனி மலையையும் ஏரியையும் காட்டுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கருவாடு காய்வதைக் காட்டினால் போதும். அதனால் நானே செய்ய ஆரம்பித்தேன். என் வகுப்பு முறை இதுதான்: முதலில் கையால் ஒன்றைச் செய்யவேண்டும். செய்வதற்கு முன்னால் என்ன ஆகும் என்று நோட்டில் எழுதிவிட வேண்டும். அழிக்கக் கூடாது. நடந்ததைப் பார்த்த பிறகு, ஏன் அப்படி என்று ஒருவரோடொருவர் மல்லுக்கட்டவேண்டும். அப்புறம்தான் திரை. திரையை முதலில் போட்டால் எல்லாரும் விடையைப் பார்த்துவிட்டு ‘நானும் அதான் நெனச்சேன் மிஸ்’ என்பார்கள். இந்தச் சோதனைகளின் படங்கள், பிள்ளைகள் எழுதிய தப்பான யூகங்கள், போர்டிலேயே நான் வரைந்த விளக்கப்படங்கள், கேள்வித்தாள்கள் எல்லாம் அதற்குள்தான் சேர்ந்தன.

பென் டிரைவில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். பயிற்சி கொடுக்க வந்த பையனிடம் முதல் நாளே கேட்டேன். ‘கிளவுட்ல பத்திரமா இருக்கும் மிஸ், பென் டிரைவ்ல வைரஸ் வரும், அதனால யூஎஸ்பி போர்ட்டையே லாக் பண்ணிட்டோம்’ என்றான். உண்மையிலேயே பூட்டித்தான் வைத்திருந்தார்கள். பிடிஎஃப் ஆக மாற்றும் வசதி கேள்வித்தாளுக்கு மட்டும் இருந்தது.

எனக்கு அதில் ரொம்ப முக்கியமானது தண்ணீர் அட்டவணை. ஒவ்வொரு வருஷமும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுத் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் கொண்டுவருவார்கள். மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர், போர் தண்ணீர். தண்ணீரில் கரைந்த திடப்பொருள் எவ்வளவு என்று காட்டும், ஆன்லைனில் முந்நூறு ரூபாய்க்கு வாங்கிய டிடிஎஸ் மீட்டரை அதில் முக்கி அளவை எழுதுவோம். இந்திய தரநிலைப்படி குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை விடுகிறார்கள். கடலுக்குப் பக்கத்துத் தெருக்களில் சில போர் தண்ணீர் அதையும் தாண்டும். கேன் தண்ணீர் ஐம்பதுக்குக் கீழே நிற்கும். ‘அப்ப கேன் தண்ணிதான மிஸ் நல்லது?’ என்று கேள்வி வரும். அங்கேதான் பாடம் தொடங்கும். அந்த மீட்டர் உப்பை எண்ணுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து ஒரு கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். கிருமி இருந்தால் அதற்குத் தெரியாது. சர்க்கரையைக் கரைத்தால் எண் அசையாது, உப்பைக் கரைத்தால் எகிறும். இதைச் செய்து காட்டினால் மின்பகுளி (கரைந்தால் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்) பற்றித் தனியாகப் பாடமே எடுக்க வேண்டாம். மீஞ்சூர் அருகே 2010-இல் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் தருவதால், கடல் உப்பை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று அங்கிருந்து அடுத்த கேள்விக்குப் போகலாம். தெருவாரியாக, வருஷவாரியாக இந்த எண்கள் சேர்ந்துகொண்டே வந்தன. கொரோனா காலத்தில் மட்டும் விட்டுப்போனது.

அப்புறம் 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது. எர்ணாவூரில் சொந்தக்காரர்கள் இருக்கும் பிள்ளைகள் கறுத்துப்போன படகு, வலை, மரத்தின் வேர் எல்லாம் படம் எடுத்து வந்தார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூரில் அம்மோனியா கசிந்தது. ஜனவரியில் பள்ளி திறந்ததும் இரண்டையும் வைத்துப் பாடம் செய்தோம். எண்ணெய் ஏன் மிதக்கிறது, மரத்தூள் எதை உறிஞ்சுகிறது, சோப்புத் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் மறைகிறதா இல்லை துளித்துளியாகிப் பரவுகிறதா? நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் துளியளவு தேய்த்து, ஈரமான சிவப்பு லிட்மஸ் நீலமாவதைப் பார்த்தோம். ஈரத்துணியால் மூக்கைப் பொத்தினால் ஏன் கொஞ்சம் தாங்க முடிகிறது என்று கேட்டபோது, அந்த ராத்திரி பாட்டியோடு தெருவில் ஓடிய ஒரு பெண் எழுந்து சொன்னாள்: ‘துணியில இருக்கற தண்ணில அது கரஞ்சிடும் மிஸ்.’ என் பணிக்காலத்தில் நான் எடுத்த நல்ல வகுப்பு அதுதான் என்று நினைக்கிறேன். அந்தப் படங்களும் அந்தப் பூட்டுக்குள்தான் இருந்தன.

ஜூனில் முதலில் ஆபிசுக்குப் போனேன். ‘பேசிட்டு இருக்கோம் மிஸ், வந்துடும்’ என்றார் கரஸ்பாண்டென்ட் சார். கம்பெனி புது விலையில் கட்டணத்தை ஏற்றிக் கேட்டதும், நிர்வாகம் முடியாது என்றதும் ஜூலையில்தான் வெளியே வந்தது. கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், ‘தனி ஆசிரியருக்கு டேட்டா தர முடியாது, உங்க ஸ்கூல் அட்மின் கேட்கணும்’ என்றார்கள். அட்மின் யார் என்று தேடினால், ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டுப்போன கம்ப்யூட்டர் சார். அவர் சொந்த மின்னஞ்சலில்தான் கணக்கு இருந்தது. நல்ல மனுஷர், ஆவடியில் இருக்கிறார், பாஸ்வேர்டைத் தேடிக் கொடுத்தார். அதைப் போட்டால் ஓடிபி வேறொரு எண்ணுக்குப் போகிறது. அது எங்களுக்குப் போர்டை விற்ற விற்பனைப் பிரதிநிதியின் எண். அவரும் அந்தக் கம்பெனியில் இல்லை. கடைசியில் கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: பழைய தரவை எடுத்துத் தர 18,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. நிர்வாகம் அதைப் பார்த்துவிட்டு, ‘புக்கு இருக்கு, நடத்துங்க’ என்றது.

அந்த நாட்களில் எனக்குத் தூக்கமே இல்லை. ஒரு பக்கம் அவமானம். ‘ஸ்மார்ட் கிளாஸ் மிஸ்’ என்று பெயர் வாங்கியவள் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு ஒளி எதிரொளிப்பு வரைய, கோடு கோணலாகப் போகிறது. கணக்கு மிஸ் ஸ்டாஃப் ரூமில் சிரித்துக்கொண்டே, ‘சாக்பீஸ் லாகின் கேக்காது பாத்தீங்களா’ என்றார். அவர் கேலியாகத்தான் சொன்னார், ஆனாலும் அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை. இன்னொரு பக்கம் கேட்டருகே பெற்றோர். ‘இன்னா மிஸ், டிவிய ஆஃப் பண்ணிட்டாங்களாமே? நாங்க கட்ன துட்டு இன்னா ஆச்சு?’ என்று ஒரு அம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். அது போன வருஷக் கட்டணம், இந்த வருஷம் வாங்கவில்லை என்று சொன்னேன். சரியான பதில்தான். ஆனால் அவருக்கும் எனக்கும் அது போதவில்லை.

பிறகு ரிச்சி தெரு, சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த தெரு. போர்டின் பின்பக்கத்தில் சொருகியிருக்கும் கம்ப்யூட்டரை ஓபிஎஸ் என்பார்கள், ஒரு தடிப் புத்தகம் அளவில் இருக்கும். ஒப்பந்தப்படி அது ஐந்தாம் வருஷ முடிவில் பள்ளிக்குச் சொந்தம். சாரிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அதைக் கொண்டுபோனேன். டேட்டா எடுக்கும் கடையில் 4,500 ரூபாய் கேட்டார்கள். என் மாதச் சம்பளம் 18,000. கட்டினேன். ஒரு வாரத்தில் ஃபோல்டர் ஃபோல்டராகக் கொடுத்தார்கள். திறந்தால் ஒன்றும் திறக்கவில்லை. எல்லாம் அந்தக் கம்பெனி மென்பொருள் மட்டுமே படிக்கும் வகைக் கோப்புகள். கடைக்காரர் ஏமாற்றவில்லை, கோப்பு கேட்டேன், கோப்பு கொடுத்தார். பெருவிரல் அளவில் சின்னச் சின்ன முன்னோட்டப் படங்கள் மட்டும் தெரிந்தன. எண்ணூர் படகு ஒன்று அதில் தபால்தலை அளவில் இருந்தது. வீட்டில் அவர், ‘பள்ளிக்கூடத்துப் பொருளுக்கு நீ ஏம்மா காசு போடுற?’ என்றார். பதில் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். தரவு மீட்கும் கடைக்குப் போவதற்கு முன்னால், ஒரே ஒரு கோப்பை எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். அது சாதாரணக் கம்ப்யூட்டரில், வேறு மென்பொருளில் திறக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். கோப்புப் பெயரின் கடைசியில் பிடிஎஃப், ஜேபிஜி, எம்பி4, ஓடிஎஸ் மாதிரி எல்லாருக்கும் தெரிந்த எழுத்துகள் இருந்தால் உங்களுடையது. கேள்விப்படாத நாலு எழுத்து இருந்தால் காசைக் கொடுக்காதீர்கள். இதே சோதனையைப் புது மென்பொருள் எதையும் பள்ளியில் போடும் முதல் நாளிலேயே செய்துவிடலாம்: ஒரு பக்கம் வரைந்து, சேமித்து, உங்கள் வீட்டுக் கணினியில் திறந்து பாருங்கள்.

போர்டு மறுபடி ஓடியது எப்படி என்று கேட்டால் சிரிப்பீர்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய அண்ணன் சிசிடிவி மாட்டுகிற வேலை செய்கிறார். மழைக்கு முன்னால் எங்கள் மாடியில் கேமரா சரிபார்க்க வந்தவர், சும்மா நிற்கும் போர்டைப் பார்த்து, ‘இது ஏன் மிஸ் ஆஃப்ல இருக்கு?’ என்றார். சொன்னேன். ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி எச்டிஎம்ஐ-க்கு மாற்றினார். என் லேப்டாப்பை ஒயரில் மாட்டினார். படம் வந்துவிட்டது! சந்தா போனது கம்பெனியின் மென்பொருளுக்கு மட்டும்தான். 75 இன்ச் திரை நல்லபடியாக இருந்தது, வீட்டு டிவி மாதிரி எதை மாட்டினாலும் காட்டும். தொடுதிரை வேலை செய்ய யூஎஸ்பி கேபிள் ஒன்று தனியாகப் போர்டிலிருந்து லேப்டாப்புக்கு வரவேண்டும், அச்சுப்பொறிக்குப் போடுவார்களே அந்தச் சதுர முனை கேபிள். இரண்டும் சேர்ந்து அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் பள்ளி முழுக்க எல்லா வகுப்பிலும் போர்டுகள் மாதக்கணக்கில் துணி போட்டு மூடிக் கிடந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அண்ணனுக்கு டீ கூட வாங்கிக் கொடுக்க மறந்துபோனேன். உங்கள் போர்டு இப்போது நன்றாக ஓடினாலும் நாளைக்கே இதைச் சோதித்துப் பாருங்கள். சில வகைகளில் சோர்ஸ் மாற்றுவதையும் கடவுச்சொல் போட்டு அடைத்திருப்பார்கள். அப்படியென்றால் ஒப்பந்தம் இருக்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள். ஓபிஎஸ் பெட்டியும் சாதாரணக் கம்ப்யூட்டர்தான். அதை அழித்துவிட்டு இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டு, பிற்பாடு ஆறாம் வகுப்புக்கு வைத்துக்கொண்டோம்.

திரை இல்லாத அந்த மாதங்களில் வகுப்பு நின்றுபோகவில்லை. ஆகஸ்ட் 18 வாக்கில் சென்னையில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஏப்ரல் 24 வாக்கில் ஒருமுறை வரும், ஆனால் அது பரீட்சை முடிந்த நேரம். 2024-இல் ஆகஸ்ட் 18 ஞாயிற்றுக்கிழமை, எனவே திங்களன்று மொட்டைமாடிக்குப் போனோம். பன்னிரண்டே கால் மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மீட்டர் கம்பின் நிழல் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. நண்பகல் என்றால் பன்னிரண்டு மணிதானே, ஏன் பன்னிரண்டு நிமிஷம் தள்ளிப்போகிறது என்று சண்டை வந்தது. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுவது, நாம் அதற்கு மேற்கே 80.3-இல் இருக்கிறோம், ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம். கணக்குப் போட்டால் ஒன்பது நிமிஷம் வந்தது. மிச்ச மூணு, நாலு நிமிஷம் பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் வருவது. அது எட்டாம் வகுப்புக்குக் கொஞ்சம் அதிகம், இருந்தாலும் கேட்டுக்கொண்டார்கள்.

இதைச் சொன்னதும் ‘பார்த்தீங்களா, டெக்னாலஜியே தேவையில்ல’ என்று ஒரு கூட்டம் கிளம்பும். நான் அந்தக் கட்சி இல்லை. தொடர் மின்சுற்றில் மின்னோட்டம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறது என்பதைக் கம்பியையும் பல்பையும் வைத்துப் புரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாயுத் துகள் சூடேறினால் எப்படி அலைகிறது என்று கையால் காட்ட முடியாது. அதற்கெல்லாம் ஃபெட் (PhET) இருக்கிறது, திரையிலேயே செய்து பார்க்கும் பாவனைச் சோதனைகளின் தொகுப்பு. இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இலவசம். பல பாவனைச் சோதனைகள் தமிழிலும் கிடைக்கின்றன. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: ஒவ்வொரு சோதனையையும் தனிக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், நெட் இல்லாமல் பிரவுசரிலேயே ஓடும், யாரும் லாகின் கேட்கமாட்டார்கள். எங்கள் பள்ளி வைஃபை மழை வந்தால் படுத்துவிடும் என்பதால் இது பெரிய நிம்மதி. முதலில் கம்பி, பாட்டரி, டார்ச் பல்பு. யூகம் எழுதி, செய்து, குழம்பி, அதற்குப் பிறகு பாவனைச் சோதனை. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

ஒலிப் பாடத்துக்கு ஃபைஃபாக்ஸ் என்ற செயலி. ஜெர்மனியில் ஆக்கன் பல்கலைக்கழகத்தார் செய்தது, அதுவும் இலவசம். போனில் இருக்கும் மைக், முடுக்கமானி எல்லாவற்றையும் சோதனைக் கருவியாக்கிவிடும். அதில் அதிர்வெண்ணைக் கொடுத்தால் அந்த ஒலியை எழுப்பும். மனிதக் காது 20-லிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஒரு ஸ்பீக்கரை மாட்டி மெதுவாக ஏற்றிக்கொண்டே போனேன். 13,000 தாண்டியதும் எனக்கு நிசப்தம். பிள்ளைகள் காதைப் பொத்துகிறார்கள். வயதானால் மேல் எல்லை குறையும் என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, ‘மிஸ்ஸுக்கு வயசாயிடுச்சு’ என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள். அப்புறம் ஒலியை நிறுத்திவிட்டு, நிறுத்தியதைச் சொல்லாமல், ‘இப்போ 17,000, கேக்குதா?’ என்றேன். சில கைகள் தூக்கியபடியே இருந்தன. அறிவியலில் என்ன நடக்கிறது என்று சோதிக்கப்படுகிறவருக்குத் தெரியாமல் ஏன் சோதிக்கவேண்டும் என்று விளக்க இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைத்ததில்லை. போனில் காட்டும் டெசிபல் எண்ணை மட்டும் அப்படியே நம்பவேண்டாம். ஒரே போனை வைத்து, காலையில் தெருவும் மத்தியானம் வகுப்பும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒப்பிடலாம், அதோடு சரி. பிள்ளைகளிடம் போன் கொண்டுவரச் சொல்ல மாட்டேன். இருக்கிறவன் இல்லாதவன் என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். என் போன் ஒன்று, குழுவுக்கு ஐந்து நிமிஷம்.

கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய வெப்கேம் வீட்டில் சும்மா கிடந்தது. அதை ஆய்வகத் தாங்கியில் கவிழ்த்துக் கட்டி, மேசையில் நடப்பதைத் திரையில் பெரிதாகக் காட்டுகிறேன். செம்பருத்திச் சாற்றின் நிறம் மாறுவது கடைசி பெஞ்சுக்கும் தெரிகிறது. இதே வேலைக்கு ஆவணக் கேமரா என்று கடைகளில் பல ஆயிரம் கேட்கிறார்கள். திங்கள்தோறும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் மணலி, கொடுங்கையூர், ராயபுரம் நிலையங்களின் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்து ஒரு பிள்ளை கரும்பலகை ஓரத்தில் எழுதும். நுண்துகள் 2.5-க்கு (2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும் உள்ள தூசு) ஒரு நாள் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். எந்தத் திங்களில் அது ஏறியது, அன்று காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்று அவர்களே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தண்ணீர் அட்டவணையை எப்படியாவது மீட்கவேண்டும் என்று எனக்கு வெறி. பழைய பிள்ளைகளைத் தேடினேன். அறிவியல் நோட்டில் எல்லாரும் அந்த எண்களை எழுதியிருப்பார்கள் அல்லவா? பெரும்பாலானவை பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. காசிமேட்டில் ஒரு அம்மா மட்டும் மகள் எழுதிய எல்லா நோட்டையும் அரிசி மூட்டைப் பையில் கட்டி பரண்மேல் வைத்திருந்தார். ‘எங்க வீட்ல ஃபர்ஸ்ட்டு படிச்ச புள்ள மிஸ், எப்டி போட்றது?’ என்றார். அந்தப் பெண் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். இப்படி இரண்டு வருஷத்து எண்கள் கிடைத்தன, மற்றவை போனவைதான். அன்றிலிருந்து ஒரு நீள நோட்டைப் பள்ளியிலேயே வைத்து, பிள்ளைகளே பேனாவில் எழுதுகிறார்கள். பிறகு அதை எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடமான லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற அட்டவணை மென்பொருளில் ஏற்றுகிறோம். அந்தப் பாடத்தை நடத்தாமல் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு, நானும் முன்பு அவசர அவசரமாகத்தான் முடிப்பேன். இப்போது சொந்தத் தண்ணீர்க் கணக்கைப் போட்டு வரைபடம் எடுப்பதால் அதுதான் அவர்களுக்குப் பிடித்த பாடம்.

பாதுகாப்புக்கு நான் இப்போது செய்வது: 1 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கிவிட்டேன், 4,800 ஆனது. ஒவ்வொரு பருவ முடிவிலும் லேப்டாப்பில் இருப்பது அதற்குப் போகும். இன்னொரு நகல் என் சொந்தக் கணக்கில் கிளவுடில், பள்ளிக் கணக்கில் வேண்டாம். டிஸ்கைக் காற்றுப் புகாத டப்பாவில், மாத்திரை டப்பாக்களில் வருமே அந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். கடற்காற்றில் எங்கள் தெருவில் சைக்கிளே வருஷத்தில் துருப்பிடித்துவிடும், யூஎஸ்பி முனை தாங்குமா? வரைந்த பாடத்தை அன்றைக்கே பிடிஎஃப் ஆக்குகிறேன். மொத்தத்தில் கையிலிருந்து கிட்டத்தட்டப் பத்தாயிரம் போனது. நேரத்தைக் கணக்குப் பண்ணப் பிடிக்கவில்லை, அந்த வருஷம் தீபாவளி லீவில்கூடப் பாடம்தான் வரைந்துகொண்டிருந்தேன்.

பணத்தைவிட இன்றும் என்னை உறுத்துவது பிள்ளைகளின் படங்கள். முகத்தோடு, பெயரோடு, மதிப்பெண்ணோடு அந்தக் கம்பெனியின் சர்வரில் இருக்கின்றன. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. எங்கள் பள்ளியில் யாரும் எந்தப் பெற்றோரிடமும் கேட்டதில்லை. அழித்துவிட்டோம் என்று எழுத்தில் தரச்சொல்லிப் பள்ளியின் பெயரில் கடிதம் போட்டோம், பதில் இல்லை. நான் இப்போது கைகளை மட்டும்தான் படம் எடுக்கிறேன். கை, பாட்டில், மீட்டர். பாடத்துக்கு அது போதும்.

இந்த வருஷம் நிர்வாகம் வேறொரு கம்பெனியோடு பேசுகிறது. இந்த முறை கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மூன்று விஷயம் ஒப்பந்தத்தில் எழுத்தில் வேண்டும் என்று கேட்டேன். அட்மின் கணக்கும் ஓடிபி எண்ணும் பள்ளியுடையதாக இருக்கவேண்டும், தனி ஆளுடையதாக இருக்கக்கூடாது. ஆசிரியர் செய்த எல்லாவற்றையும் எப்போது வேண்டுமானாலும் பிடிஎஃப் ஆகவும் எம்பி4 ஆகவும் காசில்லாமல் எடுத்துக்கொள்ள முடியவேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் முப்பது நாளுக்குள் பிள்ளைகளின் தகவலைத் திருப்பிக் கொடுத்து, அழித்ததற்குக் கடிதம் தரவேண்டும். முதல் இரண்டுக்கும் விற்பனையாளர் உடனே தலையாட்டினார். மூன்றாவதுக்கு, ‘லீகல் டீம்கிட்ட கேட்டுச் சொல்றேன் மேடம்’ என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அது வராமல் கையெழுத்துப் போடவேண்டாம் என்று கரஸ்பாண்டென்ட் சாரிடம் சொல்லியிருக்கிறேன்.